பெயர் தெரியாத போன்சாய் பரிசாக வந்திருக்கிறதா? முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

ஒரே ஆண்டில் எனக்கு மூன்று போன்சாய்கள் பரிசாக வந்தன. இரண்டில் பெயர்ச்சீட்டே இல்லை. இன்னொன்றில் ஒரு சின்ன அட்டை செருகியிருந்தது: “உள்ளறை போன்சாய். வாரம் ஒருமுறை தண்ணீர் விடவும்.” அட்டை சொன்னபடியே செய்தேன். முதலில் செத்தது அந்தச் செடிதான். அது ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடி என்பதும், வீட்டுக்குள் வைத்து வளர்க்கும் செடியே இல்லை என்பதும் அது பழுப்பாகி உதிர்ந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது செடி வந்த பத்தாம் நாளில் இலை உதிர்க்கத் தொடங்கியது. பதற்றத்தில் தொட்டியை மாற்றிவிட்டேன். தேறி வர எட்டு மாதம் பிடித்தது. மூன்றாவது இன்றும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் பெயரைக் கண்டுபிடிக்கவே நான்கு மாதம் ஆனது.

இந்த அலைச்சலில் நான் புரிந்துகொண்டது ஒன்று உண்டு. செடியின் சரியான பெயர் தெரிய நாளாகலாம், பரவாயில்லை. அது வெளியில் வாழ்வதா, வெப்பநாட்டுச் செடியா, தண்ணீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்றுச் செடியா என்பது மட்டும் முதல் வாரத்திலேயே தெரிந்தாக வேண்டும். இது தெரிந்துவிட்டால் பெயர் தெரியாமலேயே செடியைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் போகின்றன.

1. முதல் நாள்: வெட்டாதீர்கள், தொட்டி மாற்றாதீர்கள்

செடி கடையிலிருந்து வண்டி ஏறி, காகிதம் சுற்றி, இருட்டில் கிடந்து உங்களிடம் வந்திருக்கிறது. அது ஏற்கெனவே களைத்திருக்கும். இப்போது கிளை வெட்டுவது, வேரைப் பார்ப்பது, உரம் போடுவது எதுவும் வேண்டாம். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக், ரிப்பன், மினுமினுப்புத் தாள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தொட்டியைத் தூக்கி அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காகத் துளையில்லாத வெளித்தொட்டிக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். அப்படியென்றால் உள்தொட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். பரிசுச் செடிகளின் வேர் அழுகுவதற்கு இந்த வெளித்தொட்டியில் தேங்கும் தண்ணீர் ஒரு பெரிய காரணம்.

அடுத்து, படங்கள் எடுங்கள். முழுச் செடி ஒன்று, தண்டும் பட்டையும் ஒன்று, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், இலை கிளையோடு சேரும் இடம், தொட்டியின் அடிப்பகுதி. இந்தப் படங்கள் பெயர் கண்டுபிடிக்க உதவும். அதைவிட முக்கியமாக, மூன்று வாரம் கழித்து “முதலிலேயே இப்படித்தான் இருந்ததா, இல்லை வாடுகிறதா?” என்ற சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆதாரம் உங்களிடம் இருக்காது.

வீட்டில் வேறு செடிகள் இருந்தால் புதியதை மூன்று வாரமாவது தள்ளி வையுங்கள். பூச்சி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

பூனை, நாய், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு என்றால், பெயர் தெரியும் வரை செடியை எட்டாத இடத்தில் வைப்பது நல்லது. போன்சாய் என்று விற்கப்படும், பனை போலத் தோன்றும் சைக்கஸ் செடியின் எல்லாப் பாகங்களும் நாய்களுக்குக் கடுமையான நஞ்சு. விதை இன்னும் மோசம். அடினியத்தின் பாலும் நஞ்சுதான். அத்தி, ஆல் வகைகளின் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு வரும்.

2. கொடுத்தவரிடம் கேளுங்கள், கூட வந்த தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்

பரிசு கொடுத்தவரிடம் விசாரிக்க நமக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் “செடி ரொம்பப் பிடித்திருக்கிறது, நன்றாக வளர்க்க வேண்டும், எங்கே வாங்கினீர்கள்?” என்று கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. கேட்க வேண்டியவை: எங்கே, எப்போது வாங்கியது? கடையில் அது கூரைக்குள் இருந்ததா, திறந்த வெளியில் இருந்ததா? பில்லில் ஏதாவது பெயர் போட்டிருக்கிறதா? இந்த மூன்றில் இரண்டாவதன் பதில்தான் அதிகம் உதவும்.

வாங்கிய இடம் தெரிந்தால் அங்கேயே கேட்பதுதான் மிகச் சுலபமான வழி. விற்பவரிடம் “இது என்ன செடி?” என்று மட்டும் கேட்டால் “போன்சாய்” என்றே பதில் வரும். போன்சாய் என்பது செடியின் பெயர் இல்லை, வளர்க்கும் முறையின் பெயர். அதனால் “இதன் தாவரவியல் பெயர் என்ன?” என்று கேளுங்கள்.

பில், அட்டை, தொட்டியில் ஒட்டிய சீட்டு எதையும் தூக்கி எறிய வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாங்கிய செடியென்றால் தொட்டியிலோ அட்டையிலோ ‘தாவரக் கடவுச்சீட்டு’ என்ற சிறு சீட்டு பெரும்பாலும் இருக்கும். அதில் ‘ஏ’ என்ற எழுத்துக்கு எதிரே தாவரவியல் பெயரும், ‘டி’ என்பதற்கு எதிரே பிறந்த நாடும் அச்சாகியிருக்கும். இவ்வளவு சுலபமான விடை பலர் வீட்டில் குப்பைக்குப் போய்விடுகிறது.

யாராவது வெளிநாட்டிலிருந்து அனுப்பிய அல்லது கொண்டுவரப் போகும் செடியென்றால் கதை வேறு. பெரும்பாலான நாடுகள் உயிருள்ள செடிக்கு, அனுப்பும் நாட்டின் தாவரப் பாதுகாப்புத் துறை தரும் தாவர நலச் சான்றிதழைக் கேட்கும். பல நாடுகள் மண்ணோடு வரும் செடியை அனுமதிப்பதே இல்லை. சைக்கஸ் போன்ற சில செடிகள் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால் அவற்றுக்குத் தனி அனுமதியும் வேண்டும். பெயர் தெரியாத செடிக்கு இந்தத் தாள்கள் எதையும் வாங்க முடியாது. எனவே அடையாளம் தெரியாத போன்சாயைப் பெட்டியில் வைத்து எல்லை தாண்டிக் கொண்டுபோகாதீர்கள். உள்ளூரிலேயே நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுச் செல்லுங்கள்.

3. பெயருக்கு முன்னால், மூன்று கூட்டங்களில் எது என்று பாருங்கள்

முதல் வாரத்தில் முடிக்க வேண்டிய வேலை இது. ஐந்து நிமிடம் போதும்.

இலை ஊசியாகவோ செதிலாகவோ இருக்கிறதா? ஜூனிபர், பைன் போன்ற ஊசியிலைச் செடிகள் வெளியில் வாழ்பவை. அவற்றுக்கு நேரடி வெயில், காற்று, ஆண்டில் சில மாதமாவது குளிர்கால உறக்கம் எல்லாம் வேண்டும். இன்றே வெளியில் வையுங்கள். அட்டையில் ‘உள்ளறை’ என்று போட்டிருந்தாலும் வெளியில்தான். வெளியில் கடும் உறைபனிக் காலமாக இருந்து, செடி இதுவரை சூடான அறையில் இருந்திருந்தால் மட்டும், உறையாத குளிர்ந்த வெளிச்சமான இடத்தில் வைத்துப் படிப்படியாகப் பழக்குங்கள். மேப்பிள் போலக் குளிர்காலத்தில் இலை முழுக்க உதிர்க்கும் மரங்களும் இந்தக் கூட்டம்தான்.

இலை தடிப்பாக, கிள்ளினால் நீர் கசியும்படி சதைப்பற்றாக இருக்கிறதா? ஜேட் எனப்படும் கிராசுலா, யானைப்புதர் எனப்படும் போர்ச்சுலக்காரியா, அடிதடித்த அடினியம் ஆகியவை இங்கே வரும். நிறைய வெளிச்சம், குறைந்த தண்ணீர். உறைபனி படக்கூடாது.

இரண்டும் இல்லாமல் சாதாரண இலையா? பரிசாக வருபவற்றில் பெரும்பாலானவை வெப்பநாட்டு அல்லது மிதவெப்பநாட்டுச் செடிகள்: ஃபைக்கஸ் வகைகள், கார்மோனா, செரிஸ்ஸா, சீன எல்ம். இவற்றை மிகவும் வெளிச்சமான ஜன்னலோரம் வைக்கலாம். இரவில் குளிராத காலத்தில் வெளியில் வைத்தால் இன்னும் நன்றாக வளரும். கார்மோனா, ஃபைக்கஸ் இரண்டையும் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொண்டால் பயமில்லை. சீன எல்ம் மட்டும் குளிரையும் தாங்கும்.

உங்கள் செடி எந்தக் கூட்டம் என்று முடிவானதும் நேராக 6, 7ஆம் படிகளுக்குப் போய்த் தண்ணீர், வெளிச்சத்தைச் சரி செய்துவிடுங்கள். பெயர் தேடும் வேலையை அப்புறம் நிதானமாகச் செய்யலாம்.

4. பெயரைக் கண்டுபிடிப்பது

முதலில் இலை அடுக்கு. ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிரே நிற்கின்றனவா, அல்லது இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வருகின்றனவா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புளி போன்ற கூட்டிலைச் செடிகளில் சிற்றிலைகள் எதிரெதிரே இருப்பதைப் பார்த்து ‘எதிரிலை’ என்று எழுதிவிடுவோம். எது முழு இலை என்று கண்டுபிடிக்க, காம்பு கிளையைத் தொடும் மூலையில் சின்ன மொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டு இருந்தால் அதுதான் இலையின் அடி. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. கூட்டிலைச் செடியென்றால் இரவில் போய் ஒருமுறை பாருங்கள்: புளியும், பிரேசில் மழைமரமும் இருட்டியதும் சிற்றிலைகளை மூடிக்கொள்ளும்.

அடுத்து, பால் வருகிறதா? ஒரே ஒரு இலையைக் கிள்ளுங்கள். வெள்ளைப் பால் வந்து, கிளை நுனியில் கூர்மையான உறைக்குள் குருத்து மூடியிருந்து, அந்த உறை விழுந்த இடத்தில் கிளையைச் சுற்றி மோதிரம் போல ஒரு வடு இருந்தால் அது ஃபைக்கஸ் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அதாவது ஆல், அரசு, அத்தியின் குடும்பம்.

அடிக்கடி பரிசாக வரும் சிலவற்றின் அடையாளங்கள் இவை.

ஜின்செங் ஃபைக்கஸ். கிழங்கு போல உப்பிய வேர்கள் மண்ணுக்கு மேலே கால் பரப்பி நிற்கும். தடித்த, பளபளப்பான நீள்வட்ட இலை. பெயரில் ஜின்செங் இருந்தாலும் அந்த மூலிகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா. பல செடிகளில் தடித்த அடிமரத்தின் மேல் சிற்றிலை ரகத்தை ஒட்டுக் கட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளையில் இலை வேறு மாதிரி இருக்கும். ஒரே தொட்டியில் இரண்டு செடியோ என்று நான் நாள் கணக்கில் குழம்பியது இதனால்தான்.

சீன எல்ம். சின்ன இலை, ஓரம் ரம்பப் பல், மாறி மாறி வரும் அடுக்கு. இலையின் அடிப்பகுதியை உற்றுப் பார்த்தால் நடுநரம்புக்கு இரு புறமும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். வயதான பட்டை சில்லு சில்லாக உரிந்து அடியில் செம்மஞ்சள் திட்டுகள் தெரியும். ஜெல்கோவா என்ற பெயரிலும் இது விற்கப்படுகிறது. உண்மையான ஜெல்கோவாவின் பட்டை இளமையில் வழவழப்பான சாம்பல் நிறம்.

கார்மோனா, அல்லது ஃபுக்கியன் டீ. கரும்பச்சை, பளபளப்பு, இலை நுனியில் இரண்டு மூன்று சிறு பற்கள். மேல்பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும்; தடவினால் சொரசொரக்கும். இந்தப் புள்ளிகளைப் பூச்சி முட்டை என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. அது இலையின் இயல்பு. சின்ன வெள்ளைப் பூவும் அப்புறம் சிவந்த பழமும் வரும்.

செரிஸ்ஸா. எதிரெதிராகச் சிறு இலைகள், நட்சத்திரம் போன்ற வெள்ளைப் பூக்கள். கிளையை வெட்டினாலோ வேரைக் கீறினாலோ கெட்ட வாடை அடிக்கும். அழுகல் என்று பயப்பட வேண்டாம்.

ஜூனிபர். ஒரே செடியில் குத்தும் ஊசியிலையும், படிந்த செதிலிலையும் இரண்டுமே இருக்கலாம். கடுமையாக வெட்டிய பிறகு ஊசியிலை மீண்டும் வரும். எனவே இலை இரண்டு விதமாக இருக்கிறதே என்று குழம்பாதீர்கள். பைன் என்றால் ஊசிகள் கொத்துக் கொத்தாக வரும். ஒரு கொத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் ஜப்பானியக் கரும்பைன் போன்றவை, ஐந்து என்றால் ஜப்பானிய வெண்பைன் போன்றவை.

ஜேட்டும் யானைப்புதரும். இரண்டும் சதைப்பற்றானவை, இரண்டும் எதிரிலை. இலை சிறியதாகவும் இளந்தண்டு செம்பழுப்பாகவும் இருந்தால் யானைப்புதர். இலை பெரிதாகவும் தண்டு தடித்தும் இருந்தால் ஜேட். வளர்ப்பில் பெரிய வேறுபாடு இல்லாததால் இதற்காக அதிகம் மெனக்கெட வேண்டாம்.

5. செயலிகளை நம்புவது எவ்வளவு?

படத்தை வைத்துச் செடியின் பெயர் சொல்லும் செயலிகளான பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட், கூகுள் லென்ஸ் மூன்றையும் முயன்றேன். ஒரே செடிக்கு மூன்றும் மூன்று பெயர் சொன்ன நாளும் உண்டு. காரணம், போன்சாயாக வளர்ந்த செடியின் இலை அதன் இயல்பான அளவைவிடச் சுருங்கியிருக்கும். முழு மரத்தின் உருவமும் மனிதன் வளைத்தது. அதனால் முழுச் செடியைப் படம் எடுத்துத் தேடினால் ‘போன்சாய்’ என்றோ, உருவம் ஒத்த வேறொன்றின் பெயரோதான் வரும். மிக வேகமாக வளர்ந்த கிளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில்தான் இலை இயல்பான அளவுக்கு நெருக்கமாக இருக்கும். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து இலையை மட்டும், அப்புறம் பட்டையை மட்டும், பூவோ பழமோ இருந்தால் அதை மட்டும் என்று தனித்தனியாக எடுங்கள். அளவு தெரிய ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட்டில் வளர்ப்புச் செடி என்று குறிக்க மறக்காதீர்கள். அப்படிக் குறித்தால் பார்ப்பவர்கள் குறைவு என்பது உண்மைதான், ஆனாலும் அதுதான் சரியான முறை. செயலி தரும் பெயரை விடையாக எடுக்காமல் குறிப்பாக எடுத்து, 4ஆம் படியில் சொன்ன அடையாளங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். செயலி ஃபைக்கஸ் என்கிறது, கிள்ளினால் பால் வரவில்லை என்றால் அது ஃபைக்கஸ் இல்லை.

எல்லாம் பார்த்தும் தெரியவில்லையா? பூ வரும்வரை காத்திருங்கள். பக்கத்தில் போன்சாய் சங்கம் இருந்தால் அவர்கள் கூட்டத்துக்குச் செடியை எடுத்துப் போங்கள். என் மூன்றாவது செடியை நான்கு மாதமாகச் சீன எல்ம் என்று நினைத்திருந்தேன். அனுபவமுள்ள ஒரு அம்மா இலையை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பை வைத்தே கார்மோனா என்று ஒரு நொடியில் சொன்னார்.

6. தண்ணீர்: நாள்கணக்கு வேண்டாம், மண்ணைப் பாருங்கள்

‘வாரம் ஒருமுறை’, ‘தினமும் ஒரு டம்ளர்’, ‘பனிக்கட்டி மூன்று’ என்று அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் விட்டுவிடுங்கள். தொட்டியின் அளவு, மண், வெயில், காற்று எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். தினமும் பார்ப்பது, தேவைப்பட்டால் மட்டும் விடுவது, இதுதான் முறை.

பார்ப்பதற்கு ஒரு மூங்கில் குச்சி போதும். தண்டிலிருந்து சற்றுத் தள்ளி மண்ணில் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுங்கள். குச்சி ஈரமாக, கறுத்து வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். லேசான ஈரம் மட்டும் என்றால் விடுங்கள். சதைப்பற்றுச் செடிக்கு மட்டும் குச்சி முழுக்கக் காய்ந்து வரும் வரை பொறுத்திருங்கள். நனைந்த தொட்டியையும் காய்ந்த தொட்டியையும் நாலு முறை தூக்கிப் பார்த்தால் கனத்தை வைத்தே சொல்லப் பழகிவிடும். அதற்குப் பிறகு குச்சிகூட வேண்டியிருக்காது.

விடும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடாதீர்கள். பூவாளியால் மண் முழுக்க நனைய, அடித்துளையிலிருந்து தண்ணீர் ஒழுகும்வரை விட்டு, சில நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை விடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மேலோட்டமாகத் தெளித்தால் மேல் மண் மட்டும் நனையும், நடுவேர் காய்ந்தே கிடக்கும்.

பரிசுச் செடிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல செடிகளில் வேரைச் சுற்றி நெருக்கமான கரிமண் உருண்டை இருக்கும். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து துளை வழியே வெளியேறிவிடும், நாம் நனைந்துவிட்டது என்று நம்புவோம். சந்தேகம் வந்தால் தொட்டியை அதன் விளிம்பு மூழ்கும்வரை ஒரு பாத்திரத் தண்ணீரில் இறக்கி வையுங்கள். குமிழிகள் வரும். அவை நின்றதும், பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில், எடுத்து நன்றாக வடியவிடுங்கள். இதைத் தினமும் செய்ய வேண்டியதில்லை.

இலைமேல் தெளிப்பான் அடிப்பது தண்ணீர் விடுவதாகாது. தூசி போகும், அவ்வளவுதான்.

7. வெளிச்சம்

நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் அறை செடிக்கு இருட்டு. ஜன்னலிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளினாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். மேசை நடுவில் அலங்காரமாக வைத்தால் எந்தப் போன்சாயும் நாளாக நாளாக மெலிந்துதான் போகும். வெப்பநாட்டுச் செடியை அதிக நேரம் வெயில் விழும் ஜன்னலின் கண்ணாடியோரமாகவே வையுங்கள். அப்படி ஒரு ஜன்னல் இல்லாத வீடு என்றால் எல்.இ.டி. வளர்விளக்கு ஒன்றை நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம்.

வீட்டுக்குள் இருந்த செடியைத் திடீரென உச்சிவெயிலில் வைத்தால் இலை கருகும். முதலில் நிழல், அப்புறம் காலை வெயில், அப்புறம் முழு வெயில் என்று பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

8. ஒட்டிய கல், இறுகிய கம்பி, ஒளிந்த பூச்சி

மண்மேல் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் இரண்டாம் வாரத்தில் எடுத்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே போவதை அது தடுக்கும்; மண் காய்ந்ததா என்று பார்க்கவும் விடாது. தொட்டியைத் தண்ணீரில் சற்று நேரம் வைத்தால் பசை இளகலாம். இல்லாவிட்டால் குறடால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுங்கள். தண்டை ஒட்டியிருக்கும் கற்களில் மட்டும் அவசரம் வேண்டாம்.

கிளையில் கம்பி சுற்றியிருந்தால் பட்டையில் புதைகிறதா என்று பாருங்கள். புதையத் தொடங்கியிருந்தால் உடனே எடுக்க வேண்டும். சுற்றிய வழியே பிரித்தெடுக்காதீர்கள், கிளை முறியும். ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக வெட்டித் துண்டு துண்டாக எடுங்கள். கம்பி பதிந்த வடு மறையப் பல ஆண்டு ஆகும்.

பூச்சிக்கு: ஒரு கிளைக்கடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன். ஜூனிபரில் இதை மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. பஞ்சு போல இருந்தால் மாவுப்பூச்சி. இலையும் கீழே உள்ள மேசையும் பிசுபிசுப்பாக இருந்தால் தண்டிலும் இலையடியிலும் பழுப்புச் செதில் பூச்சியைத் தேடுங்கள். முதல் மருத்துவம் தண்ணீர்தான்: மண்ணை ஒரு பையால் மூடிவிட்டு இலையின் அடிப்பக்கத்தைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மாவுப்பூச்சியையும் செதிலையும் 70 சதவீத ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். எதைப் பயன்படுத்தினாலும் முதலில் ஒரு சிறு கிளையில் மட்டும் செய்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

9. இலை கொட்டுகிறதா? பதறும் முன் கீறிப் பாருங்கள்

ஃபைக்கஸ், செரிஸ்ஸா, கார்மோனா மூன்றும் இடம் மாறினாலே இலை உதிர்க்கும். வந்த முதல் நான்கு வாரத்தில் உதிர்வது பெரும்பாலும் இடமாற்றத்தால்தான். நான் செய்த தவறு இந்த இடத்தில்தான்: இலை விழுந்ததும் வேர் அழுகிவிட்டது என்று முடிவு கட்டி, செடியைப் பிடுங்கி, வேரை அலசி, புது மண்ணில் வைத்தேன். வெளிச்சத்தில் வைத்துவிட்டு மூன்று வாரம் சும்மா இருந்திருந்தால் போதும். இலை குறைந்த செடி தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும் என்பதால் இந்தச் சமயத்தில் மண்ணைக் கூடுதல் கவனத்தோடு பார்த்துத் தண்ணீர் விடுங்கள். இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் சிறு கிளையில் லேசாகக் கீறுங்கள். பட்டைக்கடியில் ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. இன்னும் கீழே, தண்டுக்கு அருகில் கீறிப் பாருங்கள். அடித்தண்டில் பச்சை இருந்தால் காத்திருக்கலாம்.

ஜூனிபர் மட்டும் நம்மை ஏமாற்றும். வேர் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். நிறம் பளிச்சென்ற பச்சையிலிருந்து மங்கிய சாம்பல் பச்சையாகி, இலை தொட்டால் நொறுங்கினால் பெரும்பாலும் முடிந்துவிட்டது. கையில் வரும்போதே அப்படி இருந்தால் தவறு உங்களுடையது இல்லை. பில் இருந்தால், மாற்றித் தருவார்களா என்று கொடுத்தவர் வழியாக அந்த வாரமே கேட்டுவிடுங்கள். அதற்காகத்தான் பில்லைப் பத்திரப்படுத்தச் சொன்னேன்.

10. தொட்டி மாற்றமும் உரமும்: எப்போது?

முதல் மாதம் உரம் கிடையாது. அதன்பின் புதுத்துளிர் வந்துகொண்டிருந்தால் மட்டும், பொதியில் எழுதியிருக்கும் அளவில் பாதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடலாம். வாடிய செடிக்கு உரம் மருந்தாகாது. வேர் கெட்டிருக்கும்போது உப்புச்சத்து கூடினால் மேலும் கெடும்.

தொட்டி மாற்றத்துக்குச் செடியின் கூட்டம்தான் காலத்தைச் சொல்லும். இலையுதிர் மரங்களுக்கு வசந்தத் தொடக்கத்தில் மொட்டு உப்பி, இலை விரியும் முன். ஊசியிலைக்கும் வசந்தம்தான், பழைய மண்ணை முழுக்கக் கழுவி எடுக்காமல் ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும். வெப்பநாட்டுச் செடிக்கு வெயில் காலத்தில், வேகமாகத் துளிர்க்கும்போது. சதைப்பற்றுக்கும் வெப்பமான காலமே. சதைப்பற்றுச் செடிக்கு மட்டும், மாற்றிய பிறகு ஒரு வாரம் தண்ணீர் விடாமல் வெட்டுக்காயம் ஆறவிடுங்கள்.

முதல் முறை வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள குறுமணிகளாக, தண்ணீர் உடனே இறங்கும் கலவை வேண்டும்: பியூமிஸ் எனப்படும் நுண்துளைக் கல், எரிமலைக்கல், அகடாமா எனப்படும் ஜப்பானியக் களிமண் குறுமணி, அவை கிடைக்காவிட்டால் சலித்த செங்கல் சல்லி, பெர்லைட். தோட்டத்து மண்ணை அப்படியே போட்டால் தட்டையான தொட்டியில் அது இறுகிச் சேறாகிவிடும். செடி ஆடாதபடி கம்பியால் தொட்டியோடு கட்டி, இரண்டு மூன்று வாரம் நிழலில் வையுங்கள்.

பருவம் வரும்வரை காத்திருக்க முடியாத நிலையும் உண்டு. துளையே இல்லாத தொட்டி, மண்ணில் அழுகல் நாற்றம், வாரக்கணக்கில் காயாத சேறு. அப்போது வேரை வெட்டாமல், மண்ணுருண்டையைக் கலைக்காமல், துளையுள்ள சற்றுப் பெரிய தொட்டியில் இறக்கி, சுற்றிலும் குறுமணிக் கலவையை நிரப்புங்கள். முறையான மாற்றத்தைப் பருவம் வந்ததும் செய்யலாம்.

11. எதற்குச் செலவு செய்வது, எதற்கு வேண்டாம்

முதல் மாதம் ஒரு காசும் தேவையில்லை. குச்சி, வெள்ளைத் தாள், ஒரு பாத்திரம், இவ்வளவுதான். அதன்பின் வாங்க வேண்டியது நுண்துளைப் பூவாளி. வீடு இருட்டு என்றால் அடுத்தது வளர்விளக்கு. பட்டியலில் செலவு அதிகம் இதுதான், ஆனால் வெளிச்சமில்லாமல் மற்ற எதற்குச் செலவழித்தும் பயனில்லை. தொட்டி மாற்றும் பருவம் நெருங்கும்போது மண் கலவையும், கூர்மையான சின்னக் கத்தரியும்.

பத்துக் கருவிகள் கொண்ட பெட்டி, பெயரில் ‘போன்சாய்’ என்று சேர்த்த தனி உரம், விலையுயர்ந்த தொட்டி எதுவும் முதல் ஆண்டில் வேண்டாம். சாதாரணத் திரவ உரம் போதும். ஈரமானி வாங்க ஆசை வரும். பெரிய மணிகள் கொண்ட மண்ணில் அது சரியாகக் காட்டாது, குச்சியே மேல்.

12. பெயர் தெரிந்ததும்

பென்சிலால் ஒரு பிளாஸ்டிக் பட்டையில் எழுதிச் செருகுங்கள்: தாவரவியல் பெயர், கையில் வந்த தேதி, கடைசியாகத் தொட்டி மாற்றிய மாதம், உள்ளேயா வெளியேயா. பேனா மை வெயிலில் சில மாதத்தில் மங்கிவிடும், பென்சில் எழுத்து நிற்கும். இதையே இன்னொரு பட்டையிலும் எழுதி மண்ணுக்குள் ஓரமாகப் புதைத்துவிடுங்கள்; மேலே இருப்பது தொலைந்தாலும் அடுத்த முறை தொட்டி மாற்றும்போது அகப்படும். பிறகு நீங்கள் இந்தச் செடியையோ, இதிலிருந்து எடுத்த ஒரு போத்தையோ யாருக்காவது கொடுத்தால், அந்தப் பட்டையோடு சேர்த்தே கொடுங்கள்.